எவ்வளவு நாள் ஓட வேண்டும் ஒரு கதை? சீரியல், சினிமா, வெப் சீரிஸ் பற்றி

சாய்வுநாற்காலி

ஒரு சீரியல் பிடித்துப்போனால் கூடவே ஒரு பயமும் வந்துவிடுகிறது: இது எந்த மாதத்திலிருந்து கெடப்போகிறது? தொடக்கத்தில் எல்லாம் அருமையாகத்தான் போகும். மனிதர்கள் மனிதர்களைப் போலவே பேசுவார்கள். ஒருத்தி கோபப்பட்டால் அதற்குக் காரணம் இருக்கும், அந்தக் கோபத்துக்கு ஒரு விளைவும் இருக்கும். அப்புறம் கதை நகர்வதை நிறுத்திவிட்டு அதே இடத்தில் சுற்ற ஆரம்பிக்கும். ஆள் கடத்தல், பாலில் விஷம், விபத்து, ஞாபகமறதி, கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பது. நேற்றுவரை புத்திசாலியாக இருந்த கதாநாயகி இன்று ஒரு பொய்க் கடிதத்தை நம்புவாள்.

எழுதுபவர்களுக்குத் திறமை இல்லை என்று நான் நினைக்கவில்லை. அந்த முதல் இரண்டு மூன்று மாதங்களை எழுதியவர்களும் அவர்கள்தானே? கதை எங்கே முடியும் என்று யாருமே முடிவு செய்யாமல் தொடங்குவதுதான் கோளாறு என்பது என் எண்ணம். முடிவு தெரிந்தவன் எழுதும் காட்சிக்கு ஒரு திசை இருக்கும். முடிவு தெரியாதவன் நாளைக்கு மறுபடி பார்க்க வைக்க என்ன செய்யலாம் என்று மட்டும்தான் யோசிக்க முடியும்.

1979-ல் வந்த மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஊரே திரண்டு, எல்லாரையும் கொடுமைப்படுத்திய சுந்தரவடிவேலுவை ஆற்றில் இறங்கிச் சாக வைக்கிறது. அதற்கு முன் அவன், உங்கள் எல்லாரையும் என்னைப் போல ஆக்கியதுதான் நான் செய்த தப்புகளிலேயே பெரியது என்ற பொருளில் பேசுகிறான். அந்த ஒரு பேச்சைக் கேட்டதும் முன்னால் வந்த எல்லாக் காட்சிகளும் வேறு அர்த்தத்தோடு திரும்பி வருகின்றன. அவன் மனைவியிடம் பேசிய குரல், குழந்தைகளைப் பார்த்த பார்வை எல்லாமே இங்கே வந்து சேரத்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. கடைசிக் காட்சியே இல்லாத ஒரு கதையில் இப்படி எதையும் முன்கூட்டி வைக்க முடியாது.

'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1,533 எபிசோடு ஓடியது. ஒரு எபிசோடுக்கு 22 நிமிடம் என்று வைத்தாலே 560 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. இரண்டரை மணி நேரப் படங்கள் என்றால் 220-க்கும் மேல். தேவயானி நடித்த அபி என்ற பாத்திரத்தை நான் மதிக்கிறேன். ஆனால் எந்த ஒரு மனுஷிக்காவது அவ்வளவு மணி நேரத்துக்குத் தேவையான கதை இருக்குமா?

உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

நிலாமுற்றம்

நீங்கள் சொல்வதில் பாதிக்கு உடன்படுகிறேன், மீதிப் பாதியில் கடுமையாக முரண்படுகிறேன்.

சீரியலை நீளமான சினிமா என்று நினைத்து அளக்கிறீர்கள். அது வேறு வடிவம். சினிமா ஒரு சம்பவத்தைச் சொல்கிறது. சீரியல் ஒரு குடும்பத்தோடு நம்மைக் குடிவைக்கிறது. 2002-ல் தொடங்கிய 'மெட்டி ஒலி' எதைப் பற்றியது? தாயில்லாத ஐந்து பெண்கள், அவர்களைக் கட்டிக்கொடுத்த ஓர் அப்பா. டெல்லி குமார் நடித்த அந்தச் சிதம்பரம் ஒவ்வொரு மகள் வீட்டுக்கும் போய் வாசலில் நிற்கும்போது, உள்ளே என்ன மரியாதை கிடைக்குமோ என்று நமக்கே நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஐந்து வீடுகள், ஐந்து விதமான மாமியார், ஐந்து விதமான கல்யாணம். இதை இரண்டரை மணி நேரத்தில் வைத்தால் ஒரு மகளுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கிடைக்காது. அந்த நீளம் அந்தக் கதைக்குத் தேவைப்பட்டது. மூன்றரை வருடத்துக்குள் முடித்தும் விட்டார்கள்.

இன்னொன்று. என் அம்மாவுக்கு இரவு ஏழு மணிக்கு மேல் வீட்டில் பேச ஆள் கிடையாது. அவருக்குச் சீரியல் முடியக் கூடாது. முடிந்தால் தெரிந்தவர்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது என்கிறார். கதை சுற்றுகிறதா, நேராகப் போகிறதா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். அவர் ரசனை குறைந்தவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எந்த நடிகை அழும்போது உண்மையாக அழுகிறாள், யார் கிளிசரின் போட்டு அழுகிறாள் என்று அவர் சரியாகச் சொல்லிவிடுவார்.

தூறல்

அக்கா, அம்மாவைப் பற்றி எழுதியது மனதைத் தொட்டது. ஆனால் பேச ஆள் இல்லாதவருக்கு மோசமாக எழுதிய கதைதான் துணை என்று ஏன் இருக்க வேண்டும்? நல்லதாக எழுதி, முடித்து, அடுத்த கதையைத் தொடங்கலாமே. கொரியத் தொடர்கள் பெரும்பாலும் 16 எபிசோடில் முடிந்துவிடுகின்றன. அதே நடிகர்கள் வேறு கதையில் வருகிறார்கள். பார்ப்பவர்களுக்குத் துணை போய்விடவில்லை, கதைதான் மாறியது.

எடிட் டேபிள்

சீரியல்களில் கொஞ்ச காலம் உதவி இயக்குநராக இருந்தேன், அப்புறம் படத்தொகுப்புக்கு வந்துவிட்டேன். எந்தத் தொடர், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர். அன்றைக்கு எடுக்க வேண்டிய காட்சியின் வசனம் அன்று காலையில்தான் வரும், சில சமயம் லைட் வைத்த பிறகு வரும். கையில் பத்து எபிசோடு முடித்து வைத்திருந்தால் நிம்மதி. பேங்கிங், அதாவது அந்தக் கையிருப்பு, இரண்டு மூன்றுக்கு இறங்கிவிட்டால் யூனிட் முழுக்கப் பதற்றம். அந்த நிலையில் 'இந்தப் பாத்திரம் இப்படிச் செய்யுமா?' என்று யாராவது கேட்டால், கேட்டவரைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள்.

ஒரு நடிகருக்கு மாதத்தில் சில நாள்தான் கால்ஷீட். எதிரெதிரே நின்று சண்டை போடும் இரண்டு பேரை வேறு வேறு நாளில் எடுப்போம். இவர் பார்த்துப் பேசுவதற்காக (லுக் கொடுப்பது என்போம்) உதவி இயக்குநர் அந்தப் பக்கம் நிற்பார். குளோசப் இவ்வளவு அதிகமாக இருப்பதற்கு ஒரு காரணம் இது. இருவரும் ஒரே ஃபிரேமில் இருந்தால்தானே இருவரும் வந்திருக்க வேண்டும்! ஒரு பாத்திரம் திடீரென்று வெளிநாடு போய்விட்டால், பெரும்பாலும் அந்த நடிகருக்குப் பட வாய்ப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் அந்த ரியாக்ஷன் ஷாட். ஒருவர் 'நான் அவளைப் பார்த்தேன்' என்று சொன்னதும் ஹாலில் நிற்கும் அத்தனை பேர் முகத்தையும் வரிசையாகக் காட்டுகிறோமே, அது எபிசோடின் நீளத்தை நிரப்பத்தான். வசனப் பக்கம் குறைவாக வந்த அன்று முகங்கள் கூடும். தொகுப்பவனாக எனக்கு அது வலிக்கும். நல்லதொரு காட்சியின் வேகத்தை என் கையாலேயே கொல்வேன்.

கடைசியாக டிஆர்பி. சேனலின் ஒலியோடு காதில் விழாத ஒரு வாட்டர்மார்க் கலந்திருக்கும். தேர்ந்தெடுத்த வீடுகளில் இருக்கும் மீட்டர் அதைப் பிடித்து எந்த நேரம் எந்தச் சேனல் ஓடியது என்று பதிவு செய்யும். பார்வையாளர்களைக் கணக்கெடுக்கும் பார்க் (BARC) அமைப்பு வாராவாரம் எண்ணை வெளியிடுகிறது. அந்த எண்ணில் ஒரு டிராக் (கதையின் ஒரு கிளை) ஏறியிருந்தால் அந்த டிராக்கை நீட்டச் சொல்வார்கள், இறங்கியிருந்தால் வெட்டச் சொல்வார்கள். முடிவைத் தீர்மானித்துவிட்டுத் தொடங்கிய இயக்குநர்கள் உண்டு. நான் வேலை செய்த ஒருவரிடம் கடைசி எபிசோடு வரை நோட்டில் இருந்தது. தொடர் நன்றாக ஓடியதால்தான் அந்த நோட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

சாய்வுநாற்காலி

எடிட் டேபிள் சார், இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. நன்றாக ஓடியதால் கெட்டுப்போனது என்பதுதான் இதில் என்னை மிகவும் உறுத்துகிறது. ஓடாத தொடர் அவசரமாக முடிக்கப்படுகிறது, ஓடிய தொடர் முடிக்கவே படுவதில்லை. எந்தக் கதைக்கும் அதற்கு உரிய நீளம் கிடைப்பதில்லை.

ஒரு சந்தேகம். ஒரே விஷயத்தை மூன்று பேர் மூன்று இடத்தில் சொல்கிறார்களே, 'அப்படின்னா நீ சொல்றது, அவ இன்னைக்குக் கோயிலுக்குப் போகலை' என்று. அதுவும் நீளத்துக்காகத்தானா?

எடிட் டேபிள்

அதற்கு வேறு காரணம் இருக்கிறது. சீரியலைப் பார்ப்பவர்களைவிடக் கேட்பவர்கள் அதிகம். வேலை செய்துகொண்டே, வேறு அறையில் இருந்துகொண்டே கேட்கிறார்கள். திரையைப் பார்க்காமலே கதை புரிய வேண்டும். அதனால்தான் பாத்திரங்கள் தனியாக இருக்கும்போதும் மைண்ட் வாய்ஸில் திட்டத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். வில்லி வந்தால் அவளுக்கென்று ஒரு இசை. அந்த இசை கேட்டதும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். வானொலி நாடகத்தின் பழக்கம் இது, இதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். நேற்று பார்க்காதவருக்கும் இன்று புரிய வேண்டும் என்ற அக்கறையும் அதில் இருக்கிறது.

நிலாமுற்றம்

இதைத்தான் நான் சொல்ல வந்தேன்! கண்ணை எடுக்காமல் உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைப்பவர்கள் வகுத்த அளவுகோலை, கை நிறைய வேலையோடு கேட்பவர்கள் மேல் வைக்கக் கூடாது.

முதல்வரிசை

எல்லாரும் சீரியலையே சாடுகிறீர்கள். சினிமா மட்டும் ஒழுங்கா? இப்போது படமும் முடிவதில்லை. இடைவேளைக்கு ஒரு பெரிய சண்டை, கிளைமாக்ஸுக்கு ஒரு பெரிய சண்டை, கடைசி இரண்டு நிமிடத்தில் புதிதாக ஒரு நடிகர் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார், இரண்டாம் பாகத்தில் பார்க்கலாம் என்று போட்டுவிடுவார்கள். இரண்டே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவனுக்கு முடிவு எங்கே? நம் சாய்வுநாற்காலி சொல்லும் அதே நோய் தியேட்டருக்கும் வந்துவிட்டது.

நீளத்தைப் பற்றிப் படக்காரர்களுக்கே தெளிவு இல்லை. 2024-ல் 'மெய்யழகன்' ஏறக்குறைய மூன்று மணி நேரப் படமாக வந்தது. வெளியான சில நாளிலேயே 18 நிமிடத்துக்கு மேல் வெட்டினார்கள். எனக்கு அந்தப் படத்தில் பிடித்ததே இரண்டு பேர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதுதான். அந்தப் பேச்சு நீளமாக இருந்தால்தானே இந்த ஆள் யார், இவன் பெயரைக்கூட ஞாபகம் வைத்திருக்கவில்லையே என்று அவர்களில் ஒருவரான அருள்மொழிக்கு வரும் கூச்சம் நமக்கு ஏறும்? அதை யார் நீளம் என்று முடிவு செய்தது? அந்த வருடமே வந்த வேறு படங்களும் வெளியான பிறகு வெட்டப்பட்டன. தியேட்டரில் பார்த்தவன் ஒரு படம் பார்க்கிறான், அடுத்த வாரம் போனவன் வேறு படம் பார்க்கிறான்.

அப்புறம் சத்தம். 'கங்குவா' வெளியானபோது சத்தம் பற்றிப் புகார்கள் வந்து, ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டார். இது ஒரு படத்தின் பிரச்சினை இல்லை. ஹீரோ நடந்து வந்தால் முரசு, திரும்பினால் முரசு. வசனம் காதில் விழாமல் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டியிருக்கிறது. 2024-ல் வந்த 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், சேவல், காற்று, நடப்பவர்களின் மூச்சு. நான் சீட் நுனியில் உட்கார்ந்து பார்த்தேன்.

தூறல்

முதல்வரிசை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாட்டு இல்லாமல், சண்டை இல்லாமல் படம் எடுப்பது இன்றைய புதுமை என்று பேசுகிறார்கள். எஸ். பாலசந்தர் 1954-லேயே 'அந்த நாள்' எடுத்துவிட்டார். பாட்டு, நடனம், சண்டை எதுவும் கிடையாது. ஒரு கொலை, அதைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் மனிதர்கள். இன்றைக்குப் பார்த்தாலும் போரடிக்கவில்லை.

கொரியத் தொடர்கள் பற்றி நான் முதலில் சொன்னதை வெப் சீரிஸுக்கும் விரிக்கிறேன். எபிசோடு எண்ணிக்கை குறைவு என்பதாலேயே நல்லது என்று சொல்லமாட்டேன். இரண்டு மணி நேரப் படத்துக்கான கதையை எட்டாக இழுத்த சீரிஸ்கள் நிறைய இருக்கின்றன. நாலாவது, ஐந்தாவது எபிசோடில் போலீஸ்காரரின் பழைய கதை ஒன்று வரும், விவாகரத்து, குடி, இறந்துபோன குழந்தை. குற்றத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. 2022-ல் வந்த 'சுழல்' எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அதில் விசாரணையோடு மயானக் கொள்ளைத் திருவிழாவும் நாள் நாளாக நகர்கிறது. திருவிழா முடியும்போது கதையும் முடிந்தாக வேண்டும் என்று நமக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. எட்டு எபிசோடும் அந்தக் கெடுவுக்குள் ஓடுகின்றன. 2019-ல் வந்த 'செர்னோபில்' ஐந்தே எபிசோடு. அணு உலை வெடிப்பு மாதிரி அவ்வளவு பெரிய விஷயத்தை ஐந்தில் சொல்லிவிட்டார்கள்.

சாய்வுநாற்காலி

சுழல் பற்றிச் சொன்னது அருமை. கதைக்குள்ளேயே ஒரு கெடு இருந்தால் எழுதுபவர் கை கட்டுப்படும்.

நிலாமுற்றம், நீங்கள் சொன்னதை யோசித்துக்கொண்டே இருந்தேன். முடிவே இல்லாமல் ஓடும் வடிவத்துக்கும் பெரிய வரலாறு இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. அமெரிக்காவில் 1930-களில் சோப்பு நிறுவனங்கள் பணம் கொடுத்து வானொலியில் பகல் நேர நாடகங்களை நடத்தின. அப்படி 1937-ல் தொடங்கிய 'கைடிங் லைட்', 1952-ல் தொலைக்காட்சிக்கு வந்து 2009 வரை ஓடியது. ஆனால் லத்தீன் அமெரிக்காவில் அதே வடிவம் வேறு பாதையில் போனது. டெலிநோவெலாக்கள் தினமும் வரும், அழ வைக்கும், பழிவாங்கும், எல்லாம் உண்டு. சில மாதத்தில் முடிந்தும் விடும். இந்தியாவின் முதல் தொலைக்காட்சித் தொடரான 'ஹம் லோக்' 1984-ல் தூர்தர்ஷனில் வந்தபோது மெக்சிகோவின் டெலிநோவெலாக்களைப் பார்த்துத்தான் திட்டமிட்டார்கள். அதாவது நாம் தொடங்கியதே முடிவுள்ள வடிவத்தில். அப்புறம்தான் முடிவில்லாத பக்கம் போனோம்.

தமிழிலும் 1990-களில் நாகா இயக்கிய 'மர்மதேசம்' இருந்ததே. இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகள், ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொடங்கி முடியும். 'விடாது கருப்பு' வந்தபோது அந்தக் குதிரையில் வருவது யார் என்று வாராவாரம் பேசிக்கொண்டோம். பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்ததால்தான் பேசினோம். பதில் வராது என்று தெரிந்த மர்மத்தைப் பற்றி யார் பேசுவார்கள்?

நிலாமுற்றம்

இந்த இடத்தில் இறங்கி வருகிறேன். முடிவு வேண்டும் என்பதைவிட, முடிவு இல்லாததால் மனிதர்களின் குணம் கெடுகிறது என்பது எனக்கு ஏற்புடையது. 'எதிர்நீச்சல்' தொடரை நான் விடாமல் பார்த்தேன். ஆதி குணசேகரன் என்ற அந்த மனிதனை ஜி. மாரிமுத்து செய்த விதம்! உட்காருவதிலேயே ஒரு அதிகாரம், பேச்சில் ஒரு குத்தல், நடுவில் எங்கோ ஒரு சின்ன பயம். நம் வீடுகளில் பார்த்த ஆள். 2023 செப்டம்பரில் அவர் இறந்துபோனார். பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்தை ஏற்றார். அவர் மிக நல்ல நடிகர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மாரிமுத்து ஏற்றி வைத்திருந்த குணசேகரன் அந்த உடம்போடும் அந்தக் குரலோடும் சேர்ந்தவன். அந்தப் பாத்திரத்தை அங்கேயே மரியாதையாக முடித்து, அவன் இல்லாத வீட்டில் அந்தப் பெண்கள் என்ன ஆகிறார்கள் என்று கதையைக் கொண்டுபோயிருக்கலாம். அவன் செத்தபிறகும் அவன் பயம் அந்த வீட்டில் எத்தனை நாள் இருக்கும்? அதைவிட நல்ல கதை வேறு உண்டா? என் அம்மாவும் அதையேதான் கேட்டார்.

முதல்வரிசை

அக்கா, உங்கள் அம்மாவைக் கதை விவாதத்தில் உட்கார வைக்க வேண்டும். உண்மையாகவே சொல்கிறேன்.

மாடிவீடு

படித்துக்கொண்டே வந்தேன், ஒரு கேள்வி. முதல்வரிசை பாராட்டிய 'கொட்டுக்காளி'க்கும் முடிவு இல்லையே? மீனா என்ற பெண்ணுக்குப் பேய் ஓட்டக் கூட்டிப்போகிறார்கள். போன இடத்தில், அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் பாண்டி தன் கண்ணால் ஒன்றைப் பார்க்கிறான். அதற்குப் பிறகு என்ன செய்வான் என்று சொல்லாமலே படம் நின்றுவிடுகிறது. தியேட்டரில் என் பின்னால் இருந்தவர்கள் 'அவ்வளவுதானா?' என்று கத்தினார்கள். சாய்வுநாற்காலி கணக்குப்படி இதுவும் குறைதானே?

சாய்வுநாற்காலி

இல்லை, அதை முடிவு இல்லாத படம் என்று நான் சொல்லமாட்டேன். படம் முழுக்க மீனா ஏறக்குறையப் பேசாமலே இறுகி உட்கார்ந்திருக்கிறாள், சுற்றியிருக்கும் ஆண்கள்தான் பேசுகிறார்கள், கத்துகிறார்கள், அடிக்கிறார்கள். கடைசியில் முதன்முறையாகப் பாண்டிக்குப் பேச்சு வரவில்லை. படம் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். அவன் திரும்பிப் போகிறானா, உள்ளே அனுப்புகிறானா என்பதை நம்மிடம் விட்டிருக்கிறார் பி.எஸ். வினோத்ராஜ். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்தியிருக்கிறார்.

பாலு மகேந்திராவின் 'வீடு' படத்தையும் சொல்லலாம், 1988. அவ்வளவு பாடுபட்டுக் கட்டிய வீட்டு நிலம் குடிநீர் வாரியம் கையகப்படுத்தியது என்று தெரியவருகிறது. அதைக் கட்டிய சுதாவுக்கு அந்த வீடு கிடைத்ததா இல்லையா என்று படம் தீர்த்துச் சொல்லவில்லை. அதற்காக யாரும் அதை முடியாத படம் என்று சொல்வதில்லை.

மாடிவீடு

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்னால் கத்தியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாண்டி என்ன செய்வான் என்று தெரிந்துகொள்ள அவர்கள் அவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறார்கள். வெளியே வந்தும் வண்டி நிறுத்தும் இடம்வரை அதைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். ஒருவர் அடித்துச் சொன்னார், அவன் கூட்டிக்கொண்டு திரும்பியிருப்பான் என்று. கூட வந்த பெண் ஒத்துக்கொள்ளவே இல்லை.

எடிட் டேபிள்

நானும் அந்தப் பெண் பக்கம்தான். அவன் தலைகுனிந்து நிற்பான், ஆனால் அப்பா பேச்சைத் தட்டமாட்டான். படத்தில் அதுவரை அவன் யார் பேச்சையும் எதிர்த்து நிற்கவில்லை, தன்னைவிட வலு குறைந்தவர்களைத் தவிர. மாற்றிச் சொல்பவர்கள் எந்தக் காட்சியை வைத்துச் சொல்கிறீர்கள்?